தீனிமேடையைப் பார்த்தால் போதுமா?

பால்டிக் கரையில் குளிர்காலத்தில் இறைச்சி வைக்கிறார்கள், வெண்வால் கடற்கழுகுகள் வந்து தின்கின்றன. இதில் அவற்றின் உணவை ஆராய என்ன இருக்கிறது என்று கேட்கிறார் நண்பர். கல்யாணப் பந்தியில் பார்த்த ஆளின் அன்றாடச் சாப்பாடு எனக்குத் தெரியும் என்பது போலிருக்கிறது.

சுவீடனில் 1971-இல் தொடங்கிய கடற்கழுகுத் திட்டம் இறைச்சி வைத்ததே, டிடிடி, பிசிபி நச்சுகள் ஏறிய பால்டிக் இரைக்குப் பதிலாக நஞ்சில்லாத தீனி கிடைக்கட்டும் என்றுதான். அப்படியானால் மேடையை விட்டுப் பறந்தபின் அது எதைத் தின்றது என்பதுதானே கேள்வி?

கழுகு செரிக்காமல் கக்கிய உருண்டைகளைப் பிரித்தால் தெரிந்துவிடுமாம். பிரித்துப் பாருங்கள்: வாத்தின் இறகு, முயலின் மயிர், ஒன்றிரண்டு செதில். தோலுரித்த பன்றி இறைச்சி தடயமே விடாது. ஆந்தையென்றால் எலும்பாவது மிஞ்சும். கழுகின் வயிற்று அமிலம் அதையும் பெரும்பாலும் கரைத்துவிடும். ஆக, உருண்டையை நம்பினால் வைத்த தீனியை அது தொடவேயில்லை. மேடையை நம்பினால் வேட்டையே ஆடவில்லை!

இரத்தத்தில் கார்பன், நைட்ரஜன் ஐசோடோப்புகளை அளந்தால் கடல் இரையையும் பண்ணை இறைச்சியையும் பெருமளவு பிரித்தறியலாம். உதிர்ந்த இறகைப் பொறுக்கி அனுப்பிப் பயனில்லை, அது பெரும்பாலும் கோடையில் முளைத்தது, குளிர்கால உணவைச் சொல்லாது. பறவையைப் பிடித்து ஊசி குத்தியாக வேண்டும். செலவு அதிகம் என்று நண்பர் சொல்லியிருந்தால் நானும் தலையாட்டியிருப்பேன்.