நல்லெண்ணெய் எதை இழுக்கிறது?

சேலம் நாமக்கல் பக்கம் மரச்செக்கு எண்ணெய்க் கடைகள் பெருகிவிட்டன. நல்லெண்ணெய் பாட்டிலோடு இலவசமாக ஓர் அறிவுரையும் கிடைக்கிறது. காலையில் எழுந்ததும் வாயில் எண்ணெயை விட்டு இருபது நிமிடம் கொப்பளியுங்கள்; மூக்கில் இரண்டு சொட்டு, காதில் இரண்டு சொட்டு விடுங்கள்; கண்ணுக்கு மை தீட்டுங்கள், நாக்கை வழியுங்கள். ஐம்புலனும் சுத்தமாகும், உடம்பில் சேர்ந்த நஞ்செல்லாம் வெளியேறும். ஆயுர்வேதம் சொன்னது இது, முன்னோர் நாள் தவறாமல் செய்தது, செலவில்லாதது, கெடுதல் இல்லாதது. குடும்ப வாட்ஸ்அப் குழுக்களில் இதே பாடம் வாரம் ஒருமுறையாவது சுற்றி வருகிறது. ஒரே மூச்சில் சொல்லப்படும் இந்தப் பேச்சில் பல கூற்றுகள் பின்னிக் கிடக்கின்றன. பிரித்துப் பார்த்தால் ஒன்றிரண்டு நிற்கும், மற்றவை நிற்காது.

நிற்பதை முதலில் சொல்லிவிடலாம். நாக்கு வழிப்பது நல்ல பழக்கம். பொன், வெள்ளி, செம்பு, வெள்ளீயம், பித்தளை என்று நாக்கு வழிப்பானுக்கு உலோகப் பட்டியலே தருகிறது பழைய ஆயுர்வேத நூலான சரக சம்ஹிதை. வாய்நாற்றத்துக்கு நாக்கு வழிப்பதன் பயனை ஆராய்ந்து, மருத்துவ ஆய்வுகளைத் தொகுத்து எடைபோடும் காக்ரேன் அமைப்பின் மதிப்பாய்வு 2006-ல் வந்தது. பல் பிரஷ்ஷால் நாக்கைத் தேய்ப்பதைவிட வழிப்பான் சற்றுக் கூடுதலாக நாற்றத்தைக் குறைக்கிறது என்றது. ஆய்வுகள் சிறியவை என்றும் எச்சரித்தது. செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறையில் சொல்லிச் செய்தாலும், மளிகைக் கடை பிளாஸ்டிக்கை வாங்கினாலும் வேலை ஒன்றுதான். நாக்கின் மேல் படிந்த மாவு போகும். கல்லீரல் சுத்தமாகாது.

இனி நஞ்சு. கொப்பளித்துத் துப்பும்போது எண்ணெய் வெள்ளையாக வருகிறதே, அதுதான் இரத்தத்திலிருந்து இழுத்த நஞ்சு என்கிறார்கள். வாயின் உட்தோல் சல்லடை அல்ல. இரத்தத்தில் கரைந்திருக்கும் கழிவை எண்ணெய் அதன் வழியே உறிஞ்சி எடுக்க வழியே கிடையாது. அந்த வேலைக்கென்றே இருக்கும் சிறுநீரகங்கள் நாளொன்றுக்குச் சுமார் 180 லிட்டர் நீரை வடிகட்டுகின்றன. அதில் பெரும்பகுதியைத் திரும்ப உடம்புக்கே கொடுத்துவிட்டுக் கழிவை மட்டும் சிறுநீராக அனுப்புகின்றன. ஒரு வாய் எண்ணெய் அதற்கு ஈடாகுமா?

வெள்ளை நிறத்துக்கு விடை தேடி வெளியூர் போகவும் வேண்டாம். திருச்செங்கோட்டிலுள்ள கே.எஸ்.ஆர். பல் மருத்துவக் கல்லூரியின் சரத் அசோகனும் உடன் ஆய்ந்தவர்களும் இதைச் சோதனைக்கூடத்தில் பார்த்து 2011-ல் எழுதினார்கள். எச்சிலோடு சேர்த்துக் கலக்கும்போது எண்ணெய் நுண்துளிகளாகச் சிதறிப் பால்போல் ஆகிறது. எச்சிலின் காரத்தன்மையால் சிறிதளவு சோப்பாகவும் மாறக்கூடும். பல்லில் ஒட்டிய அழுக்கைப் பெயர்க்க அது உதவலாம் என்பது அவர்கள் கண்ட அறிகுறி. அசோகனும் மற்றவர்களும் அதற்கு முன் வளரிளம் பருவத்தினரிடம் செய்த ஆய்வுகளில், நல்லெண்ணெய் கொப்பளித்தவர்களுக்கு ஈறு வீக்கமும் பற்சொத்தைக் கிருமியும் குறைந்தன. ஆய்வில் இருந்தவர்கள் இருபது பேர் அளவே, காலமும் சில நாட்களே. ஆனாலும் கிடைத்தது நல்ல சேதிதான். எண்ணெய் கொப்பளிப்பது வாய்க்கு ஓரளவு நல்லது. அந்த ஆய்வுகள் சொன்னது அவ்வளவுதான். சர்க்கரை, மூட்டுவலி, மாரடைப்பு என்று நீட்டியது கடைக்காரர்.

சரகரும் நீட்டவில்லை. எண்ணெய் கொப்பளித்தால் தாடைக்கு வலு வரும், குரல் நன்றாகும், சுவை தெரியும், தொண்டை வறளாது, உதடு வெடிக்காது, பல் கூசாது என்றே அந்நூல் அடுக்குகிறது. எல்லாமே வாயும் வாயைச் சுற்றியும். இருபது நிமிடக் கணக்கும் அங்கே இல்லை. வாயில் கோழை நிறைந்து, மூக்கிலும் கண்ணிலும் நீர் வரும்வரை வைத்திரு என்கிறார் அஷ்டாங்க ஹிருதயம் எழுதிய வாக்படர். எண்ணெய் நஞ்சை இழுக்கும், சகல நோயையும் தீர்க்கும் என்ற சங்கதி 1990களில் பரவியது. கராச் என்ற உக்ரைன் மருத்துவர் புற்றுநோய் வல்லுநர் கூட்டத்தில் சொன்னதாகப் பெங்களூர் வழியாகவும் தெலுங்கு ஏடுகள் வழியாகவும் அது வந்தது. அவர் பரிந்துரைத்ததாகச் சொல்லப்பட்டது சூரியகாந்தி எண்ணெய்! அதைத்தான் நல்லெண்ணெய்க்கு மாற்றி, ஐயாயிரம் ஆண்டு மரபு என்று ஒரு முத்திரையும் குத்தி நம்மிடம் விற்கிறார்கள்.

பல் கறை பற்றி ஒரு வார்த்தை. சேலம், நாமக்கல், தருமபுரி மாவட்டங்களில் பல இடங்களில் ஆழ்துளைக் கிணற்று நீரில் ஃபுளோரைடு மிகுதி. பழுப்பேறிய, திட்டுத்திட்டான பற்களோடு வளர்ந்தவர்கள் இங்கே ஏராளம். ஆறு மாதம் கொப்பளித்தால் கறை போகும் என்று அவர்களிடம் சொல்வது கொடுமை. பல்லின் எனாமல் குழந்தைப் பருவத்தில் தாடைக்குள் உருவாகும்போதே ஏறிவிட்ட மாற்றம் அது. பிள்ளைகளுக்கு நல்ல குடிநீர் கொடுத்தால் அடுத்த தலைமுறைக்கு வராது. வந்த கறையை எண்ணெய் எடுக்காது.

முன்னோர் தினமும் செய்தார்கள் என்பது அடுத்த கூற்று. நம் பக்கத்து மரபு பெரிதும் சித்த மருத்துவம். கொல்லிமலையைச் சித்தர் மலை என்று கொண்டாடுகிறோம். சித்தர் நூல் சொன்ன கணக்கை மட்டும் மறந்துவிடுகிறோம். தேரையர் பெயரில் வழங்கும் நோயணுகா விதியில் எண்ணெய் முழுக்கு நாலு நாளைக்கு ஒருமுறை, கண்ணுக்கு அஞ்சனம் மூன்று நாளைக்கு ஒருமுறை, மூக்கில் மருந்து விடும் நசியம் ஒன்றரை மாதத்துக்கு ஒருமுறை. சரகரிடம் தினசரி மை உண்டு, அது மென்மையான வகை. நீர் வடியவைக்கும் கடுமையான மையோ ஐந்து அல்லது எட்டு இரவுக்கு ஒருமுறைதான். பகலில் கூடாது, நீர் வடிந்து தளர்ந்த கண்ணை வெயில் வருத்தும் என்கிறார். நசியத்துக்குப் பருவம் பார்க்கிறார். மேகமில்லாத வானம் வேண்டும் என்கிறார். பழைய நூல்களில் பாதி, யாருக்கு எப்போது கூடாது என்ற விலக்குகள்தாம். இன்றைய ‘காலை ஆயுர்வேதம்’ வெட்டி எறிந்தது அந்தப் பாதியைத்தான்.

கண் மைக்கு வருவோம். தமிழ்நாட்டில் ஆமணக்கு என்றால் சேலம் மாவட்டம்தான். ஏத்தாப்பூரில் வேளாண் பல்கலைக்கழகத்தின் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையமே இருக்கிறது. கரிசலாங்கண்ணிச் சாற்றில் துணியை நனைத்துக் காயவைத்துத் திரியாக்கி, விளக்கெண்ணெயில் எரித்துக் கரி பிடித்து மை கூட்டிய வீடுகள் இங்கே நிறைய. அழகுக்கு இமையோரம் தீட்டுகிறவர்களோடு எனக்குச் சண்டையில்லை. கண்ணைச் சுத்தம் செய்கிறது என்றால்தான் சண்டை. கரித்தூள் சுத்தம் செய்யாது. ஒரே மைச் சிமிழில் வீட்டிலுள்ள எல்லோரும் விரல் விட்டால் மெட்ராஸ் ஐ எல்லோருக்கும் வரும். கடையில் விற்கும் சுருமாவில் பல ஈயக் கந்தகக் கல்லை அரைத்தவை. குழந்தை கண்ணைக் கசக்கி அந்தக் கையை வாயில் வைத்தால் ஈயம் இரத்தத்துக்குப் போகிறது. நஞ்சை எடுக்கிறேன் என்று நஞ்சை ஏற்றும் வேலை.

இதைவிட மோசம் அறுப்புக் காலத்தில் நடக்கும். நெல் சுணை, கரும்புத் தோகை, சோளத்தட்டு கண்ணில் கீறிவிடும். தாய்ப்பால் விடு, விளக்கெண்ணெய் விடு, நந்தியாவட்டைச் சாறு பிழி என்று ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். பயிர்ச் சுணை கீறிய கருவிழியில் பூஞ்சைக் கிருமி பிடிப்பது தென்னிந்தியாவில் சாதாரணம். இரண்டு மூன்று நாள் வீட்டு வைத்தியம் பார்த்துவிட்டு வந்தால் புண் ஆறினாலும் வெள்ளைத் தழும்பு பார்வையை மறைத்துக்கொண்டு நிற்கும்.

மூக்குக்கு வந்தால் என்னால் மென்மையாக எழுத முடியவில்லை. பச்சைக் குழந்தையைக் குளிப்பாட்டிக் காலில் போட்டு, மூக்கில் எண்ணெய் விட்டு ஊதுவது கொங்குப் பக்கத்தில் இன்னும் ஓயவில்லை. “சளி கட்டாதுங்க, மூக்கு நல்லா எடுப்பா வரும்” என்று குளிப்பாட்ட வரும் அம்மா சொல்வார். பெற்றவள் புதிது, எதிர்த்துப் பேச மாட்டாள். தண்ணீர் புரையேறினால் இருமுவோம். எண்ணெய் வழுவழுப்பானது, இருமலைத் தூண்டாமலே மூச்சுக்குழலில் இறங்கி நுரையீரலில் தங்கும். உடம்பால் அதைச் செரித்துக் கரைக்க முடியாது. அழற்சி தொடரும், நிமோனியா திரும்பத் திரும்ப வரும். தென்னிந்தியக் குழந்தைகளின் இந்த எண்ணெய் நிமோனியா பற்றி 1973-லேயே பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் கட்டுரை வந்தாயிற்று. அரை நூற்றாண்டு கடந்தும் அதே கதை.

நூலைக் காட்டி வாதிடுகிறவர்களுக்கு நூலிலிருந்தே பதில் உண்டு: ஏழு வயதுக்குக் கீழும் எண்பதுக்கு மேலும் நசியம் கூடாது என்கிறது அஷ்டாங்க ஹிருதயம். ஆனால் நேர்மையாகச் சொன்னால், விரல் நுனியளவு எண்ணெய் விடும் சிறு நசியத்தைப் பிறந்தது முதல் இறப்புவரை செய்யலாம் என்றும் அதே அத்தியாயம் சொல்கிறது. நூல் இரு பக்கமும் பேசும் இடத்தில் குழந்தையின் எக்ஸ்ரே பேசட்டும். பெரியவர்களுக்கும் விலக்கில்லை. எண்ணெய் கொப்பளிக்கும் பழக்கத்தால் மீண்டும் மீண்டும் எண்ணெய் நிமோனியா வந்த ஒருவரைப் பற்றி 2014-ல் கொரிய மருத்துவர்கள் எழுதியிருக்கிறார்கள்.

மூக்கை உப்புநீரால் கழுவுவது வேறு சங்கதி. ஒவ்வாமைச் சளிக்கும் மூக்கடைப்புக்கும் அது உதவும். நீர் மட்டும் கொதிக்கவைத்து ஆறியதாக இருக்க வேண்டும். 2011-ல் அமெரிக்காவின் லூசியானாவில் குழாய்த் தண்ணீரால் மூக்கைக் கழுவிய இருவர், மூளையைத் தின்னும் அமீபா தாக்கி இறந்தார்கள். கேரளத்தில் 2024-ல் நீர்நிலைகளில் குளித்த பிள்ளைகள் இறந்ததும் மூக்கு வழியே ஏறும் இதே வகைத் தொற்றால்தான். மேட்டூர் தண்ணீர் என்றாலும் போர் தண்ணீர் என்றாலும் காய்ச்சாமல் மூக்கில் விடாதீர்கள்.

கடைசியாக, செலவில்லை, கெடுதலும் இல்லை என்ற கூற்று. இதற்குப் பதில் குமாரபாளையத்திலும் பள்ளிபாளையத்திலும் இளம்பிள்ளையிலும் ஓடுகிற விசைத்தறிகள் சொல்லும். கூடத்துக்குள் சத்தம் 90 டெசிபலைத் தாண்டும். எட்டு மணி நேரத்துக்கு அதுவே உச்ச வரம்பு என்பது நம் தொழிற்சாலை விதி. தறிக்காரரின் ஷிப்டோ பல இடங்களில் பன்னிரண்டு மணி நேரம், சிறு கூடங்களை விதியின் கண் எட்டுவதும் இல்லை. பத்து வருடம் தறி ஓட்டியவரிடம் எதையும் இரண்டு தரம் சொல்ல வேண்டும். இரவில் காதுக்குள் வண்டு இரைவதுபோல் கேட்கிறது என்பார். “அழுக்கு அடைச்சிருக்கும், எண்ணெய் காய்ச்சி விடு கண்ணு, தினம் விட்டா தொறந்துக்கும்” என்பார்கள் வீட்டில்.

காது தன் குரும்பியைத் தானே வெளியே தள்ளும். குரும்பி இறுகிவிட்டால் இளக்குவதற்கு எண்ணெய் உதவும், மருத்துவர்களும் அப்படிச் சொல்வதுண்டு. ஆனால் செவிப்பறை ஓட்டையாக இருந்தால் எண்ணெய் நடுக்காதுக்குள் இறங்கிச் சீழ் பிடிக்கும். தினமும் ஈரமாக வைத்த காதில் பூஞ்சை படரும். தறிக்காரருடைய கோளாறோ குரும்பியிலும் இல்லை, செவிப்பறையிலும் இல்லை. அதற்கும் உள்ளே, நத்தை எலும்பில் இருக்கும் சுமார் 15,000 மயிரணுக்களில் இருக்கிறது. சத்தம் கொன்ற மயிரணு மனிதருக்கு மறுபடி முளைக்காது. செவிப்பறையைத் தாண்டாத எண்ணெய் அங்கே போகவும் போகாது. தறிக்கூடத்துப் பஞ்சுத் தூசிக்கு மூக்கில் எண்ணெய் தடவுவதும் இதே ரகம். நுண்தூசி போய்த் தங்கும் இடம் நுரையீரல்.

எண்ணெய் விட்டுப் பார்க்கலாம் என்று ஒத்திப்போடும் இரண்டு வருடத்தில் இன்னும் எத்தனை மயிரணு சாகும்? புலனை நீ சுத்தமாக வைக்கவில்லை, அதனால்தான் கேட்கவில்லை என்று சொல்லும்போது, பழி தறியை விட்டுத் தறிக்காரர் தலையில் ஏறுகிறது. காது அடைப்பானும் முகக்கவசமும் வாங்கித் தர வேண்டியவர், கூடத்தில் காற்றோட்டம் வைக்க வேண்டியவர், ஷிப்டைக் குறைக்க வேண்டியவர் தப்பிவிடுகிறார். நுரையால் ஆன காது அடைப்பான் ஒரு ஜோடியின் விலை ஒரு பாட்டில் செக்கு நல்லெண்ணெயின் விலையில் சிறு பங்குதான். அதைப் போட்டுக்கொண்டு தறி ஓட்டச் சொல்லுங்கள். சேலம் அரசு மருத்துவமனையின் காது மூக்கு தொண்டைப் பிரிவுக்கு ஒருமுறை அழைத்துப் போய்க் கேட்கும் திறனைச் சோதித்துவிட்டு வாருங்கள்.