பெட்டிக்குள் உறங்கும் வெள்ளி டாலர்கள்



திருப்பூரில் நெடுங்காலம் பின்னலாடை ஏற்றுமதி செய்துவந்த பெரியவர் ஒருவர் வஃபாத்தான சில வாரங்களுக்குப் பிறகு, வாரிசுரிமைக் கணக்கைப் பார்ப்பதற்காக அவருடைய பிள்ளைகள் பீரோவைத் திறந்தார்கள். நிலப் பத்திரங்களும் வங்கிப் புத்தகங்களும் எதிர்பார்த்தபடியே இருந்தன. அவற்றுக்குப் பின்னால், எவரும் எதிர்பாராத நீல வெல்வெட் பெட்டி ஒன்றும் இருந்தது. அதனுள் அமெரிக்க வெள்ளி டாலர் நாணயங்கள் நாற்பத்தொன்று, ஒவ்வொன்றும் தனித்தனிப் பிளாஸ்டிக் உறையில் அடுக்கப்பட்டிருந்தன. அயல்நாட்டு வணிகர்கள் அன்பளிப்பாகத் தந்தவை சில, பயணங்களின்போது அவரே வாங்கியவை பல. "அத்தா அடிக்கடி எடுத்துத் துடைத்துப் பார்ப்பாங்க. ஆனா இதுக்கு ஜகாத் கொடுத்தாங்களான்னு எங்களுக்குத் தெரியல" என்று மூத்த மகன் சொன்னபோது, அந்த அமர்வில் இருந்த நாம் அனைவரும் சற்று நேரம் பேசாதிருந்தோம்.

அவர் ஆண்டுதோறும் ஷஅபான் மாதத்திலேயே கணக்கை முடித்து, ரமளான் பிறந்ததும் ஜகாத்தைப் பகிர்ந்து கொடுத்தவர். கடைச் சரக்கு, கையிருப்பு, வரவேண்டிய பாக்கி, மனைவியின் நகை எல்லாமே அவருடைய குறிப்பேட்டில் இருந்தன. நாணயங்கள் மட்டும் இல்லை. மறைக்க வேண்டும் என்று அவர் நினைத்திருப்பார் என நாம் கருதவில்லை. அது செல்வம் என்ற எண்ணமே அவருக்குத் தோன்றவில்லை. பொழுதுபோக்கு என்றே எண்ணியிருந்தார். நம்மில் பலருடைய வீடுகளிலும் நிலைமை இதுவே என்பதால்தான் இதை எழுதுகிறோம்.

கொங்கு நாட்டுக்கு வெள்ளி நாணயம் புதிதன்று. கோவையை அடுத்த வெள்ளலூரில், 19ஆம் நூற்றாண்டின் நடுவில் மண்ணைத் தோண்டியபோது ஐந்நூறுக்கும் மேற்பட்ட ரோமானிய வெள்ளிக் காசுகள் கிடைத்தன. பின்னரும் அதே ஊரில் வேறு புதையல்கள் வெளிப்பட்டன. இன்று மாநகராட்சியின் குப்பைக் கிடங்கால் மட்டுமே பலருக்கு அறிமுகமான அந்த நொய்யல் கரை ஊர், ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் ரோமானியர் வெள்ளி வந்து சேர்ந்த இடமாக இருந்தது. இந்தியாவில் மிகுதியாகக் கிடைக்கும் அகஸ்டஸ் பேரரசரின் காசில், அவர் தம் வாரிசுகளாக அறிவித்த பேரர்கள் காயஸ், லூசியஸ் இருவரும் கேடயங்களோடு நிற்கிறார்கள். நினைவு நாணயம் என்று இன்று நாம் சொல்லும் கருத்து அப்போதே இருந்தது என்பதற்கு அதுவே சான்று. அவற்றைப் புதைத்து வைத்தவர் யாராயினும், திரும்ப வந்து எடுக்கவில்லை.

திப்பு சுல்தானின் காலத்தில் கோவைப் பகுதி மைசூர் ஆட்சியின் கீழ் இருந்தது. அவர் தம் நாணயங்களுக்கு இட்ட பெயர்களே ஒரு நினைவேந்தல். இரட்டை ரூபாய் வெள்ளி நாணயத்துக்கு ஹைதரி, ஒரு ரூபாய்க்கு இமாமி, பொன் நாணயங்களுக்கு அஹ்மதி, சித்தீக்கி, ஃபாரூக்கி எனப் பெயர் வைத்தார். அவருடைய செப்புக் காசுகளில் காணப்படும் சலாமாபாத் என்னும் அக்கசாலை நம் சத்தியமங்கலமே என்பது நாணய ஆய்வாளர்களின் முடிபு. இத்தகைய காசு ஒன்றைக் கையில் வைத்துப் பிள்ளைகளுக்குச் சரித்திரம் சொல்லும் தந்தையை நாம் குறை கூறமாட்டோம். சொல்லப்போனால், அப்படிப்பட்டவர்கள் நம்மிடையே இன்னும் சிலர் இருந்தால் நல்லது.

டாலர் என்னும் சொல்லுக்கு நம் வீடுகளில் சங்கிலியில் கோக்கும் பதக்கம் என்ற பொருளும் உண்டு. திருப்பூருக்கோ அதுவே பட்டப்பெயர். அச்சொல்லின் வேர் பொஹீமியாவின் யோவாக்கிம்ஸ்தால் பள்ளத்தாக்கில் 16ஆம் நூற்றாண்டில் அடிக்கப்பட்ட 'தாலர்' என்னும் வெள்ளி நாணயத்தில் இருக்கிறது. அந்தக் குடும்பத்தைச் சேர்ந்த மரியா தெரசா தாலர், 1780 என்ற ஆண்டைத் தாங்கியபடியே அந்த அரசி மறைந்த பின்னும் மீண்டும் மீண்டும் அடிக்கப்பட்டு, 20ஆம் நூற்றாண்டிலும் யமனிலும் ஹிஜாஸிலும் கைமாறியது. அரபிகள் அதை ரியால் என்றே அழைத்தார்கள். அந்தக் காலத்தில் இந்த நாணயத்துக்கு ஜகாத் உண்டா என்று எவரும் கேட்டிருக்கமாட்டார்கள். கடைவீதியில் செல்லும் பணம் ஆயிற்றே! உறைக்குள் போனதும்தான் நமக்கு ஐயம் வருகிறது.

இனி மார்க்கச் சட்டத்துக்கு வருவோம். தங்கத்துக்கும் வெள்ளிக்கும் ஜகாத் கடமையாவது அவை எதற்காக வைக்கப்பட்டுள்ளன என்பதைப் பொறுத்ததன்று. அணியும் நகையைப் பற்றி மத்ஹபுகளிடையே கருத்து வேறுபாடு உண்டு. ஹனஃபிகள் அதற்கும் கடமை என்பர். ஷாஃபிஈகள் அனுமதிக்கப்பட்ட முறையில் அணிவதற்கு விலக்கு அளிப்பர். ஆனால், பெட்டியில் கிடக்கும் நாணயம் எந்த மத்ஹபிலும் நகை ஆகாது. சேர்த்து வைக்கப்பட்ட பொன்னையும் வெள்ளியையும் அல்லாஹ்வின் பாதையில் செலவிடாதவர்களைப் பற்றித் தவ்பா அத்தியாயத்தின் 34ஆம் வசனம் விடுக்கும் எச்சரிக்கை நாம் அறியாததல்ல. ஜகாத் கொடுக்கப்பட்ட பொருள் அந்த எச்சரிக்கைக்குள் வராது என்பதே ஸஹாபாக்கள் பலரின் விளக்கம். ஆகவே சேகரிப்பது குற்றமன்று. கணக்கில் சேர்க்காமல் சேகரிப்பதே சிக்கல்.

வெள்ளிக்கான நிஸாப் 200 திர்ஹம். அதை 595 கிராம் என்று இக்கால அறிஞர் பலர் கணக்கிடுகின்றனர். நம் நாட்டு ஹனஃபி உலமாக்கள் 52½ தோலா, அதாவது 612.36 கிராம் என்பர். பழைய விக்டோரியா ரூபாயின் எடை சரியாக ஒரு தோலா. அதனால்தான் நம் பாட்டன்மார்களுக்குத் தராசு தேவைப்படவில்லை. ஐம்பத்து இரண்டரை வெள்ளி ரூபாய் எடை என்றால் அவர்களுக்குப் புரிந்தது. இன்றைய சேகரிப்பாளருக்கு அந்த எளிமை இல்லை. நாணயத்துக்கு நாணயம் எடையும் மாற்றும் வேறுபடுகின்றன.

அமெரிக்க அரசு 1986 முதல் வெளியிடும் 'ஈகிள்' நாணயம் தூய வெள்ளி, 31.1 கிராம். இருபது நாணயங்கள் இருந்தாலே 622 கிராம்; எந்தக் கணக்கிலும் நிஸாப் நிறைந்துவிடுகிறது. 1983இல் லாஸ் ஏஞ்சல்ஸ் ஒலிம்பிக்குக்காகத் தொடங்கிய நினைவு வெள்ளி டாலர் வரிசை 26.73 கிராம் எடை கொண்டது. 2019க்கு முந்தியவற்றில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்கு வெள்ளி, மீதி செம்பு. கொங்குப் பகுதியின் ராவுத்தர் குடும்பங்கள் பின்பற்றும் ஹனஃபி மத்ஹபில், வெள்ளி மிகுந்திருந்தால் முழு எடையும் வெள்ளியாகவே கொள்ளப்படும். அவ்வகையில் 23 நாணயங்களில் நிஸாப் நிறையும். ஷாஃபிஈகள் தூய வெள்ளியை மட்டுமே எண்ணுவதால், அவர்களுக்கு 25 தேவை.

நம் நாட்டு நினைவு நாணயங்களும் அப்படியே. 1969இல் காந்தி நூற்றாண்டுக்காக வெளிவந்த பத்து ரூபாய் 15 கிராம், அதில் எண்பது விழுக்காடு வெள்ளி. பொள்ளாச்சியை அடுத்த செங்குட்டைப்பாளையத்தில் பிறந்த சி. சுப்பிரமணியத்தின் நூற்றாண்டான 2010இல் வெளிவந்த நூறு ரூபாய் நாணயம் 35 கிராம்; பாதி வெள்ளி, பாதி பிற உலோகங்கள். சரிபாதி என்னும்போது ஹனஃபி நூல்களில் இரு கருத்துகள் உள்ளன. பேணுதலுக்காக வெள்ளியாகக் கொள்வதையே நாம் ஏற்கிறோம். தூய வெள்ளி மட்டும் எனப் பார்த்தால், இத்தகைய நாணயம் 34 இருந்தால் சரியாக 595 கிராம்.

இங்கே இரண்டு தவறான கணக்குகளைப் பலரிடம் காண்கிறோம். ஒன்று, நாணயத்தில் நூறு ரூபாய் என்றுதானே பொறித்திருக்கிறது என்று நூறையே எழுதிக்கொள்வது. அதே நாணயத்தை ஆயிரக்கணக்கில் கொடுத்து வாங்கியவர் அவரே! மற்றொன்று, நாணயங்கள் மட்டும் நிஸாபை எட்டவில்லை, ஆகவே கடமையில்லை என்பது. வங்கியில் இருப்பும் கடையில் சரக்கும் உள்ளவருக்கு நாணயங்கள் தனியே நிஸாபை எட்ட வேண்டியதில்லை. ஏனைய செல்வத்தோடு இவையும் சேரும். பத்து நாணயம் வைத்திருப்பவரும் எழுத வேண்டும் என்பதே இதன் பொருள்.

மதிப்பிடுவது எவ்வாறு என்பதிலும் தெளிவு வேண்டும். விற்பதற்கென்றே வாங்கியவருக்கு அது வியாபாரப் பொருள். சேகரிப்பாளர்களிடையே என்ன விலை போகுமோ அதில் இரண்டரை விழுக்காடு. வைத்துக்கொள்வதற்காக வாங்கியவருக்கு எடையே அளவு. எடை இருநூறும், வேலைப்பாட்டால் மதிப்பு முந்நூறும் உள்ள வெள்ளிக் கூஜாவைப் பற்றி ஹனஃபி ஃபிக்ஹு நூல்கள் பேசியுள்ளன. வெள்ளியாகவே கொடுத்தால் இருநூறுக்குரிய ஐந்து திர்ஹம் போதும் என்பது இமாம் அபூஹனீஃபாவின் கருத்து. வேறு இனத்தில் கொடுத்தால் மதிப்பைப் பார்க்க வேண்டும் என்பர். கூஜாவின் இடத்தில் நினைவு நாணயத்தை வைத்துப் பாருங்கள், நம் கேள்விக்குப் பல நூற்றாண்டுகளுக்கு முன்பே விடை எழுதப்பட்டிருக்கிறது. நாணயத்துக்கு நாணயம் நிலைமை மாறுமாதலால், தத்தம் மஹல்லா ஆலிமிடம் பெட்டியோடு சென்று கேட்பதே நன்று. வெறுங்கையோடு போய்க் கேட்டால் பொதுவான பதிலே கிடைக்கும்.

முன்பணம் கட்டி மாதக்கணக்கில் காத்திருந்து நாணயம் பெறுவது கூடுமா என்றும் சிலர் கேட்கின்றனர். இக்காலப் பணமும் வெள்ளியைப் போன்றதே, கைக்குக் கை மாற வேண்டும் என்று கருதும் அறிஞர்கள் அதை ஏற்பதில்லை; நம் துணைக்கண்டத்து ஹனஃபி உலமாக்களில் சிலர் அனுமதிக்கின்றனர். ராஜவீதிக் கடையில் பணத்தைக் கொடுத்த கையோடு நாணயத்தை வாங்கிக்கொள்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை.

உருவம் பொறித்த நாணயத்தை வீட்டில் வைக்கலாமா என்ற வினாவும் உண்டு. நபி ஸல்லல்லாஹு அலைஹி வஸல்லம் அவர்களின் காலத்தில் மக்கள் கையாண்டவை பைசாந்தியப் பொன்னும் பாரசீக வெள்ளியும்தான். அவற்றில் மன்னர்களின் உருவங்கள் இருந்தன. எழுத்துகள் மட்டும் பொறித்த இஸ்லாமிய நாணயம் கலீஃபா அப்துல் மலிக்கின் ஆட்சியில், ஹிஜ்ரி 77க்குப் பிறகே நிலைபெற்றது. ஆகவே பெட்டியில் இருப்பதை நாம் பெரிதாகப் பேசமாட்டோம். வரவேற்பறைச் சுவரில் சட்டமிட்டு மாட்டுவதை மட்டும் தவிர்க்கலாம்.

மீண்டும் அந்த நீலப் பெட்டிக்கு வருகிறோம். இளைய மகன் நகைக்கடையிலிருந்து எலக்ட்ரானிக் தராசு ஒன்றை வாங்கி வந்தார். ஈகிள் 22, நினைவு டாலர் 19. மொத்தம் 1,192 கிராம். அதில் இரண்டரை விழுக்காடு என்றால் ஏறத்தாழ 30 கிராம். நாற்பதுக்கு ஒன்று என்பதால் ஆண்டுக்கு ஒரு நாணயம் என்று சொல்லிவிடலாம். ஆண்டுதோறும் ஒரு நாணயத்தை எடுத்துக் கொடுத்திருந்தால் முடிந்திருக்கும் காரியம். இத்தனை எளிய ஒன்றை அவரிடம் எடுத்துச் சொல்ல நம்மில் ஒருவரும் இல்லாமற் போனோமே என்ற வருத்தம் நமக்கு உண்டு. ஜும்ஆ மேடைகளில் தங்கத்தைப் பற்றிப் பேசும் அளவுக்கு வெள்ளியைப் பற்றிப் பேசுவதில்லை. ஒரு கிலோ வெள்ளி ஓர் இலட்சம் ரூபாயைத் தாண்டிவிட்ட காலத்தில் இந்த மௌனம் பொருந்தாது.

விடுபட்ட ஆண்டுகளின் ஜகாத் என்னாவது? ஷாஃபிஈ மத்ஹபில் அது இறந்தவரின் கடன். சொத்தைப் பங்கிடுவதற்கு முன்பே தீர்க்கப்பட வேண்டும். ஹனஃபி மத்ஹபில், அவர் வஸிய்யத் செய்திருந்தால் மட்டுமே மூன்றில் ஒரு பங்குக்குள் அது நிறைவேற்றப்படும். இல்லையெனில் வாரிசுகள் மீது கடமையில்லை, பருவமடைந்த வாரிசுகள் தாமாக விரும்பித் தம் பங்கிலிருந்து கொடுத்தால் அல்லாஹ் ஏற்றுக்கொள்வான் என்று நம்பலாம். பள்ளிவாசல் ஹஜ்ரத் இதை விளக்கியபோது பிள்ளைகள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். இத்தாவில் இருந்த தாயார் உள் அறையிலிருந்தே, "உங்க அத்தா யாருக்கும் கடன் வெச்சுட்டுப் போனதில்லப்பா" என்றார்கள். அதற்குமேல் விவாதம் நடக்கவில்லை.

எந்த நாணயம் எந்த ஆண்டு வாங்கப்பட்டது என்று தெரியாததால், நாணயத்தில் பொறித்த ஆண்டையே தொடக்கமாகக் கொண்டு கூடுதலாகவே கணக்கிட்டார்கள். 24 நாணயங்களை விற்றுக் கொடுப்பது என முடிவாயிற்று. பெட்டியின் மூடிக்குள் அந்தப் பெரியவர் ஒரு சீட்டு எழுதி வைத்திருந்தால் இந்தக் குழப்பம் வந்திராது: வாங்கிய நாள், எடை, மாற்று, ஜகாத் கொடுத்த ஹிஜ்ரி ஆண்டு. நான்கு வரிகளுக்கு மேல் தேவையில்லை. சேகரிப்பு வைத்திருக்கும் சகோதரர்கள் இன்றிரவே எழுதிவிடலாம்.

எஞ்சிய 17 நாணயங்களைப் பங்கிடும்போது மகள் ஒன்றே ஒன்றைக் கேட்டார். சுதந்திர தேவி சிலையின் நூற்றாண்டுக்காக 1986இல் வெளிவந்த டாலர் அது; அவர் பிறந்த ஆண்டும் அதுவே. அண்ணன்மார் இருவரும் அதை அப்படியே எடுத்துக்கொள்ளச் சொன்னார்கள். அவர் ஒப்பவில்லை. தராசில் வைத்து, 26.73 கிராம் என்று எழுதி, தம் பங்கில் கழித்த பிறகே கையில் வாங்கிக்கொண்டார்.