வேஷத்துக்கு வெளிச்சம் போட்டால் குற்றமா?

காஸ்ப்ளே செய்பவர்கள் எதைச் செய்தாலும் நொட்டை சொல்ல ஒரு கூட்டம் இருக்கிறது. உடையைக் கடையில் வாங்கினால் "காசு கொடுத்து வாங்கினதுதானே". சொந்தமாகத் தைத்தால் "தையல் கோணலா இருக்கே". இந்தக் கூட்டத்துக்கு மிகவும் பிடித்த இன்னொரு குற்றச்சாட்டும் உண்டு: அறைக்குள் விளக்கு வைத்து எடுத்த படமெல்லாம் ஏமாற்று வேலை. விழாவுக்கு வந்து, பகல் வெளிச்சத்தில், நாலு பேர் நடுவே நின்று காட்டுபவர்தான் அசலாம். வீட்டில் கறுப்புத் துணி கட்டி, புகை விட்டு, பச்சை விளக்குப் போட்டு எடுப்பவர் கேமரா தயவில் பிழைப்பவராம்.

கேட்க நியாயம் போலத்தான் இருக்கும். ஆனால் ஏதாவது ஒரு பாத்திரத்தை எடுத்துப் பொருத்திப் பார்த்தால் இந்த வாதம் நிற்காது.

கிளவுட் ஸ்ட்ரைஃபையே எடுத்துக் கொள்ளுங்கள். 1997ல் பிளேஸ்டேஷனுக்கு வந்த ஃபைனல் ஃபேண்டசி 7 விளையாட்டின் நாயகன். டெட்சுயா நோமுரா வடிவமைத்த பாத்திரம். முள் முள்ளாய் நிற்கும் மஞ்சள் முடி, ஒளி வீசும் நீலக் கண்கள், ஆளுயரத்துக்கு ஒரு பட்டை வாள்.

இவனுடைய "அசல்" எது? 1997 விளையாட்டில் ஊருக்குள் நடக்கும்போது, விரலே இல்லாத கட்டைக் கைகளும் பெரிய தலையுமாக ஒரு பொம்மை. சண்டை தொடங்கினால் அதே ஆள் திடீரென்று நெடுநெடுவென வளர்ந்து நிற்பான். 2005ல் வந்த அட்வென்ட் சில்ட்ரன் படத்தில் கறுப்பு உடை. 2020 ரீமேக்கில் துணியின் நெசவு வரை தெரிகிறது. ஆக, அச்சு அசலாக நகலெடுக்க ஒரே ஒரு மூலம் என்று எதுவும் கிடையாது. வேஷம் போடுபவர் தேர்ந்தெடுத்தே ஆக வேண்டும். தேர்ந்தெடுக்கிற வேலையில் பாதி, வெளிச்சத்தைத் தேர்ந்தெடுப்பதுதான்.

ஏன் என்றால், கதை தொடங்குகிற மிட்கார் நகரத்தைப் பாருங்கள். ஏழைகள் வாழும் சேரிகளுக்கு மேலே பிரம்மாண்டமான இரும்புத் தளம். வெயில் கீழே இறங்காது. மேக்கோ உலைகளின் பச்சை ஒளிதான் அந்த நகரத்தின் நிறம். முதல் காட்சியே இரவில்தான் நடக்கிறது. இந்த ஆளை டோக்கியோ பிக் சைட்டில், ஆகஸ்ட் மாத காமிக்கெட் விழாவில், உச்சி வெயிலில் நிறுத்தினால் எப்படி இருக்கும்? விக் பிளாஸ்டிக் மாதிரி மின்னும். வாள் தெர்மோகோல் மாதிரி தெரியும். அதை உண்மை என்றும், பச்சை விளக்கடியில் நின்றதைப் பொய் என்றும் சொல்வது என்ன கணக்கு?

சரி, "கேமரா தயவு" என்கிறார்களே, அந்த வேலையையும் கொஞ்சம் பார்க்கலாம். ஈவா ஃபோம் அட்டையை வாள் வடிவில் வெட்டி, ஹீட் கன்னால் சூடாக்கி, ஒட்டி, வெள்ளிப் பெயின்ட் அடித்து, ஓரங்களில் கறுப்பைத் தேய்த்தால்தான் இரும்பு இரும்பாகத் தெரியும். பின்னணித் துணியிலிருந்து ஆளை இரண்டு மீட்டராவது தள்ளி நிறுத்த வேண்டும். இல்லாவிட்டால் முன் விளக்கு துணியில் விழுந்து சுருக்கமெல்லாம் பல்லை இளிக்கும். ஷட்டரை நொடியில் 200ல் ஒரு பங்கு, ஐஎஸ்ஓ 100, அபர்ச்சர் எஃப் 8 என்று வைத்தால் அறையின் டியூப்லைட் படத்திலிருந்து காணாமல் போகும். ஃபிளாஷ் மட்டும்தான் மிஞ்சும். பின்னாலிருந்து தாழ்வாக ஒரு பச்சை ஜெல் போட்ட ஃபிளாஷ். முன்னால் பக்கவாட்டில் ஒரு சாஃப்ட்பாக்ஸ். வாள்முனையை லென்ஸ் பக்கம் நீட்டினால் அது பூதாகரமாகும். இத்தனையும் சரியாக அமைய ஒரு நாள் முழுக்கப் போய்விடும். விளையாட்டுக் கம்பெனியும் கணினிக்குள் விளக்கு வைத்துத்தான் கிளவுடைக் காட்டுகிறது. அங்கே அது கலை, இங்கே மட்டும் பித்தலாட்டமா?

இதுவரை சொன்னது ரசனைச் சண்டை. இனி சொல்வது அப்படியல்ல. விழா மைதானம் எல்லோருக்கும் ஒரே மாதிரி இருப்பதில்லை. 2014ல் நியூயார்க் காமிக் கான் விழாவில், காஸ்ப்ளே உடை போட்டிருப்பது சம்மதம் ஆகாது என்று பலகை வைக்க வேண்டி வந்தது. தொடுவதும், கேட்காமல் படம் எடுப்பதும் அந்த அளவுக்குப் பெரிய தொல்லை. ஒரு பெண், தான் நம்புகிற இரண்டு பேரை மட்டும் வைத்துக் கொண்டு, கதவைச் சாத்திவிட்டுப் படம் எடுக்க நினைத்தால், அவளிடம் போய் "கூட்டத்தில் நின்றால்தான் செல்லும்" என்று சொல்வதன் அர்த்தம் என்ன? வந்து சகித்துக் கொள், இல்லையென்றால் கணக்கில் இல்லை என்பதுதான். டிக்கெட்டுக்கும் ரயிலுக்கும் காசில்லாதவர்கள், கூட்டம் என்றாலே மூச்சு முட்டுபவர்கள், உடம்பு ஒத்துழைக்காதவர்கள் எல்லோரும் இதே ஒரு வரியில் வெளியே தள்ளப்படுகிறார்கள்.

ஏமாற்றே இல்லையா என்றால், இருக்கிறது. அடுத்தவர் செய்த வாளைத் தான் செய்ததாகச் சொல்வது ஏமாற்று. இடுப்பை மென்பொருளில் சுருக்கிவிட்டு "உடற்பயிற்சி" என்று ஜல்லியடிப்பது ஏமாற்று. ஏஐ வரைந்த படத்தைப் போட்டு காஸ்ப்ளே என்பது பச்சை ஏமாற்று. தைத்தவர் பெயரையும் படமெடுத்தவர் பெயரையும் விழுங்குவதும் அதில் சேர்த்திதான். இவற்றில் பொய் இருப்பது சொல்லில். விளக்கை ஏன் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற வேண்டும்?

கடைசியாக ஒன்று. விளையாட்டை இன்னும் முடிக்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிவிடலாம் :-) கிளவுட் தன்னை சோல்ஜர் படையின் முதல்நிலை வீரன் என்று நம்பித் திரிகிறான். உண்மையில் அவன் சாதாரணக் காலாட்படைச் சிப்பாய். அந்த வாள் ஜாக் என்ற நண்பனுடையது. அவன் பேசும் வீரக்கதைகளில் பாதி ஜாக்குடையவை. அதுவும் போதாதென்று, வால் மார்க்கெட்டில் டான் கார்னியோவின் மாளிகைக்குள் நுழையப் பெண் வேஷம் வேறு போடுகிறான். அடுத்தவன் வாளையும் கதையையும் சுமந்தே நாயகனான ஒருவனை, ரசிகர்கள் 1997லிருந்து தலையில் வைத்துக் கொண்டாடுகிறார்கள். அவனைப் போல வேஷம் போட்டு, தன் அறையில் ஒரு பச்சை விளக்கு வைத்தவரைத்தான் "போலி" என்கிறார்கள்.

தமிழில் "வேஷம் போடுகிறான்" என்றால் திட்டு. கூத்துக் கட்டுகிறவரைப் பார்த்து அப்படிச் சொன்னால் அவர் சிரிப்பார். ஆமாம், அதுதான் அவர் தொழில்.