மந்தையின் தலைவர் எங்கே நிற்கிறார்?

கோடை விடுமுறையில் மாட்டுப் பண்ணைக்கு வேலைக்குப் போகும் பிள்ளைகள் பொறுப்பும் தலைமைப் பண்பும் கற்றுத் திரும்புவார்கள் என்ற நம்பிக்கை அமெரிக்காவில் பழையது. அந்தத் தலைமை எப்படிப்பட்டது என்று கேட்டால் பலர் மனத்தில் உடனே வந்து நிற்பவர் ஹாலிவுட் கௌபாய்தான். குதிரை மேல் தனியாள், இடுப்பில் துப்பாக்கி, எவரிடமும் யோசனை கேட்காத பிடிவாதம். பண்ணை வேலையின் நடைமுறையோ இதற்கு நேர் எதிரானது.

1867 முதல் டெக்சாஸிலிருந்து சிஸம் தடம் வழியாகக் கன்சாஸின் ரயிலடிகளுக்கு மாடுகள் ஓட்டிச் செல்லப்பட்டன. இரண்டாயிரத்துக்கும் மேற்பட்ட மாடுகள் கொண்ட மந்தைக்குப் பத்துப் பன்னிரண்டு ஆட்களே இருந்தார்கள். மந்தையின் தலைப்பகுதியில் இருபுறமும் அனுபவசாலிகள், நடுவில் பக்கக் காவல், கடைசியில் புழுதி தின்றபடி புதியவர்கள். குழுத் தலைவர் பல மைல் முன்னால் போய்த் தண்ணீரும் புல்லும் எங்கே இருக்கின்றன என்று பார்த்துவருவார். அவர் கண்ணில் படாத நேரத்திலும் ஒவ்வொருவரும் தன் இடத்தில் நின்றாக வேண்டும். ஒருவர் நழுவினால் அந்தப் பக்கம் மந்தை கலையும். இரவுக் காவலும் முறை வைத்துத்தான்.

இந்தக் குழுவில் தலைவருக்கு அடுத்த மரியாதை சமையற்காரருக்கு. சார்லஸ் குட்நைட் 1866இல் ஒரு பழைய ராணுவ வண்டியை நடமாடும் சமையலறையாக மாற்றியமைத்தார். அந்த வண்டியைச் சுற்றிச் சமையற்காரர் வைத்ததே சட்டம். காயத்துக்கு மருந்து போடுவதும் முடி வெட்டுவதும் அவர்தான். மாட்டைத் தொடாத அந்த மனிதருக்கு மாடு ஓட்டுபவரைவிடக் கூடுதல் சம்பளம் கிடைப்பது வழக்கம். வேலை நின்றுபோகாமல் காப்பது எது என்பதைக் கணக்கிட்டே அங்கே மதிப்பு அமைந்தது.

விலங்கு நடத்தை ஆய்வாளர் டெம்பிள் கிராண்டினின் வாழ்க்கையும் ஒரு கோடையில்தான் திசை திரும்பியது. ஆட்டிசம் உள்ள அவர் பள்ளிப் பருவத்தில் அரிசோனாவில் தன் அத்தையின் பண்ணைக்குப் போனார். தடுப்பூசி போடுவதற்காக மாட்டை இருபுறமும் அணைத்துப் பிடிக்கும் கூண்டுக்குள் போனதும் சில மாடுகள் அமைதியாவதை அங்கே கவனித்தார். பின்னாளில் மாடுகள் நடக்கும் ஒடுக்கமான வழிக்குள் தானே இறங்கி, அவற்றின் கண் மட்டத்திலிருந்து பார்த்தார். தரையில் விழுந்த நிழல், தொங்கும் சங்கிலி, வேலியில் மாட்டிய ஒரு சட்டை ஆகியவைதான் மந்தையை நிறுத்தின. பண்ணையாட்களோ மாடு முரண்டுபிடிப்பதாக நினைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள்.

கத்தாமலே மாட்டை நகர்த்த முடியும். மாட்டின் தோள்பட்டைக்குச் சற்றுப் பின்னால் ஆள் நகர்ந்தால் அது முன்னே நடக்கும். தோளுக்கு முன்னே வந்தால் பின்வாங்கும். நேர் பின்னால் நின்றால் ஆளைப் பார்க்க முடியாமல் திரும்பும். மாடு நகரத் தொடங்கியதும் நெருக்குவதை நிறுத்தி விலக வேண்டும். ஓட்டுபவரின் திறமை எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்ற இரண்டில் அடங்கிவிடுகிறது.

கலிஃபோர்னியாவின் பாலைப் பள்ளத்தாக்கு ஒன்றில் எல்.எல். நன் 1917இல் தொடங்கிய டீப் ஸ்பிரிங்ஸ் கல்லூரி பண்ணை வேலையையே கல்வித் திட்டமாக்கியது. மாணவர் எண்ணிக்கை முப்பதைத் தாண்டாது. கல்விக் கட்டணம் கிடையாது. படிப்போடு வாரத்துக்கு ஏறத்தாழ 20 மணி நேரம் வேலையும் செய்ய வேண்டும்: பால் கறப்பது, குதிரைமசால் பயிருக்குத் தண்ணீர் பாய்ச்சுவது, வேலி செப்பனிடுவது, சமைப்பது. யாருக்கு என்ன வேலை என்று பிரித்துக் கொடுப்பவர் மாணவர்களே தேர்ந்தெடுக்கும் சக மாணவர். பால் கறப்பவர் காலையில் எழாவிட்டால் மடி கனத்த பசு கத்தும், காபிக்குப் பால் இருக்காது. மேலதிகாரியின் அறிக்கைக்குக் காத்திராமல் தவறின் விளைவு அன்றே மேசைக்கு வந்துவிடுகிறது.

மாணவர்களின் இந்த அதிகாரத்துக்கு உள்ள எல்லையும் அங்கேயே தெரிகிறது. வேலைப் பட்டியல் மாணவர் கையில் இருந்தது. ஆண்கள் மட்டுமே படித்த அங்கே பெண்களைச் சேர்க்கலாமா என்ற கேள்வியோ நீதிமன்றம் வரை போனது. சேர்க்க வேண்டும் என்று அறங்காவலர் குழு 2011இல் முடிவெடுத்தும், வழக்குகள் முடிந்து முதல் மாணவிகள் வந்தது 2018இல்தான்.

பண்ணைத் தலைமையைப் புகழ்பவர்கள் தொடாமல் விடும் கதை 1883இல் நடந்தது. டெக்சாஸின் வட கோடியில் பெரும் பண்ணைகள் வெளியூர் முதலீட்டாளர் கைக்கு மாறின. கௌபாய்கள் தங்களுக்கென்று சிறு மந்தை வைத்துக்கொள்ளத் தடை வந்தது. மாதம் 50 டாலர் சம்பளம் கேட்டு அவர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். முன்னின்றவர்களில் குழுத் தலைவர்களும் உண்டு. தினமும் ஒரே புழுதியில் நின்றவர்களுக்குத் தங்கள் ஆட்கள் பக்கம் நிற்பது இயல்பாக வந்திருக்கிறது. முதலாளிகள் மாற்று ஆட்களை அமர்த்தினார்கள். இரண்டரை மாதத்தில் போராட்டம் பிசுபிசுத்தது.

சம்பளத்தையும் நுழைவையும் முடிவு செய்யும் அதிகாரம் தொழுவத்தில் இருப்பதில்லை என்பதும் பண்ணை தரும் பாடம்தான். குதிரைகளோடும் மாடுகளோடும் நடத்தப்படும் தலைமைப் பயிற்சிகளுக்கு மேலாளர்களை அனுப்பும் நிறுவனங்கள் அதைக் கணக்கில் எடுக்க வேண்டும். அவர்கள் அங்கே எங்கே நிற்பது, எப்போது விலகுவது என்று கற்கலாம். திரும்பி வந்ததும் வேலையைப் பிரித்துக் கொடுப்பவரை ஊழியர்களே தேர்ந்தெடுக்க எத்தனை அலுவலகங்கள் சம்மதிக்கும்?