சுவரில் இடம், முடிவில் இடம்

அருங்காட்சியகங்களில் கல்விப் பணி நெடுங்காலமாகக் கண்காட்சிக்குப் பின்னால் வருவதாகவே இருந்துவந்திருக்கிறது. எதைக் காட்டுவது என்பதைக் காப்பாட்சியர் முடிவுசெய்வார். படைப்புகள் சுவரேறிய பிறகு அவற்றை மாணவர்களுக்கு விளக்கிச் சொல்லும் வேலை கல்விப் பிரிவிடம் வந்துசேரும். இருப்பில் உள்ளதைக் காட்டுவதோடு நில்லாமல், கலைஞர் ஒருவருக்கு நிதியும் இடமும் காலமும் அளித்துப் புதிய படைப்பொன்றைச் செய்விக்கும் முறை இந்த வரிசையை மாற்ற வல்லது. படைப்பு உருவாகும் முன்பே பள்ளிகளையும் சுற்றுப்புற மக்களையும் அதற்குள் கொண்டுவர அது இடம் தருகிறது. ஆயினும் அப்படி வருபவர்கள் காட்சிப்பொருளாகிறார்களா, முடிவெடுப்பவர்களாகிறார்களா என்பதைக் கொண்டே இம்முறையை மதிப்பிட வேண்டும்.

குழந்தைகளை முன்னிட்டுச் செய்விக்கப்பட்ட படைப்புகளுள் பெரிதும் அறியப்பட்டது, ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேன் நகரிலுள்ள குயின்ஸ்லாந்து கலைக்கூடத்துக்காக ஜப்பானியக் கலைஞர் யாயோய் குசாமா 2002-ல் உருவாக்கிய 'அழித்தல் அறை'. சுவரும் தரையும் தளவாடங்களும் முற்றிலும் வெள்ளையாக இருக்கும் ஒரு வீட்டு அறைக்குள் வருபவர்கள், தங்களுக்குத் தரப்படும் வண்ண வட்ட ஒட்டுவில்லைகளை விரும்பிய இடத்தில் ஒட்டுவார்கள். நாளாக நாளாக மேசையும் நாற்காலியும் புள்ளிகளுக்குள் மறைந்துபோகும். தொடுவதைத் தடைசெய்யும் ஓர் இடத்தில் தொடுவதையே படைப்பாக்கிய இந்த அறை, பின்னர் பல நாடுகளுக்குச் சென்று பெரியவர்களையும் ஈர்த்தது. ஆனால் வில்லையை எங்கே ஒட்டுவது என்ற அளவோடு அங்கே குழந்தையின் உரிமை முடிந்துவிடுகிறது.

பரப்பளவில் இதைவிடப் பன்மடங்கு பெரிய முயற்சி லண்டனில் நடந்தது. திரைப்பட இயக்குநரும் கலைஞருமான ஸ்டீவ் மெக்குவீன், டேட் பிரிட்டன் கலைக்கூடத்துக்காக, ஆர்ட்ஏஞ்சல், ஏ நியூ டைரக்‌ஷன் ஆகிய அமைப்புகளின் துணையோடு, நகரின் மூன்றாம் ஆண்டு மாணவர்களை, அதாவது ஏழெட்டு வயதுக் குழந்தைகளை, வகுப்பு வகுப்பாகப் படமெடுக்கச் செய்தார். 1,504 பள்ளிகளைச் சேர்ந்த 76,146 குழந்தைகள் இடம்பெற்ற 3,128 படங்கள் 2019 நவம்பரில் அக்கலைக்கூடத்தின் நடுமண்டபச் சுவர்களை நிறைத்தன. அதே மாதம் நகரெங்கும் விளம்பரப் பலகைகளிலும் வகுப்புப் படங்கள் எழுந்தன. அரசுப் பள்ளி, தனியார் பள்ளி, சமயச் சார்புப் பள்ளி, சிறப்புத் தேவையுள்ளோர் பள்ளி ஆகிய அனைத்தும் ஒரே சட்டகத்தில் ஒரே முறையில் வரிசைப்படுத்தப்பட்டதால், உருவப்படம் பெறும் தகுதி யாருக்கு உண்டு என்ற பழைய கேள்விக்கு அச்சுவர்களே விடையாயின. படத்தில் இருந்த குழந்தைகள் தங்கள் வகுப்பைத் தேடிக்கொண்டு அங்கு வந்தபோது, அந்த இடத்தோடு அவர்களுக்கு ஓர் உரிமைத் தொடர்பு ஏற்கெனவே அமைந்திருந்தது. என்றாலும் படத்தின் வடிவத்தையும் காட்சியின் ஒழுங்கையும் கலைஞரும் நிறுவனமுமே தீர்மானித்தார்கள். குழந்தைகள் அமர்ந்தார்கள், படமெடுக்கப்பட்டார்கள்.

இதற்கு நேர்மாறான வழியை, ஓராண்டுக்கு முன்பே, அதே நிறுவனத்தின் மற்றொரு கிளையான டேட் மாடர்னில் கியூபக் கலைஞர் தானியா புருகேரா காட்டியிருந்தார். 2018-ல் அங்குள்ள பெரும் விசையாழிக் கூடத்துக்கான படைப்பை ஏற்ற அவர், கலைக்கூடம் அமைந்திருக்கும் அஞ்சல் வட்டாரத்தில் வசிப்பவர்களும் பணிபுரிபவர்களுமான 21 பேரை 'டேட் அண்டையர்' என்ற குழுவாக்கி, நிறுவனம் தன் சுற்றுப்புறத்திடம் என்ன கற்கலாம் என்று அவர்களையே கேட்டார். அதன் விளைவாக, கலைக்கூடத்தின் வடபகுதிக் கட்டடத்துக்கு உள்ளூர்ச் சமூகச் செயற்பாட்டாளரான நேட்டலி பெல்லின் பெயர் முதலில் ஓராண்டுக்கெனச் சூட்டப்பட்டது. பெருங்கொடையாளர்களின் பெயர் தாங்குவது வழக்கமாகிவிட்ட கலைக்கூடச் சுவரில், வட்டாரத்து இளைஞர்களுக்காக உழைத்த ஒருவரின் பெயர் ஏறியதென்றால், நிறுவனம் தன் அதிகாரத்தில் ஒரு பங்கை உண்மையாகவே விட்டுக்கொடுத்தது என்று பொருள். இங்கேயும் குறையுண்டு: பங்கேற்றவர்கள் 21 பேர்தான், விட்டுக்கொடுத்ததற்கும் தொடக்கத்தில் காலவரம்பு வைக்கப்பட்டிருந்தது.

ஆகவே பரப்பும் ஆழமும் வெவ்வேறு நன்மைகள். எழுபத்தாறாயிரம் பேரோடு கலந்து முடிவெடுப்பது இயலாது. இருபத்தொரு பேரின் பங்கேற்பு ஒரு நகரையே உள்ளடக்கியதாகாது. குறை கூறத்தக்கது, இவற்றுள் ஒன்றைச் செய்துவிட்டு மற்றதையும் செய்ததாகக் காட்டிக்கொள்வது. நிதி வழங்குவோர் கேட்கும் அறிக்கைகளில் எண்ணிக்கை எளிதில் ஏறிவிடுவதால், வந்துபோன பள்ளிப் பேருந்துகளே பங்கேற்பின் சான்றாகிவிடுகின்றன. பெயர் சூட்டுதல், காட்சிக்குரியதைத் தேர்தல், படைப்பு முடிந்தபின் அதை வைத்திருக்கும் உரிமை ஆகியவற்றில் எவற்றைப் பள்ளிக்கும் மக்களுக்கும் எவ்வளவு காலத்துக்கு அளிப்பது என்பதைக் கலைஞரோடு ஒப்பந்தம் எழுதும்போதே வரையறுத்து, அந்த மேசையில் கல்விப் பிரிவுக்கும் நாற்காலி போடும் அருங்காட்சியகமே, மக்களைப் படைப்பில் பங்கேற்கச் செய்தோம் என்று சொல்லும் தகுதியைப் பெறும்.