மழைக்கு முன்னே வரட்டும் காப்பீடு
நீலகிரி மாவட்ட ஆட்சியருக்குத் தேவாலாவிலிருந்து ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஆட்சியர் அவர்களுக்கு,



தென்மேற்குப் பருவமழை பிடித்துவிட்டால் வானிலை மையத்தின் மழைப் பட்டியலில் எங்கள் ஊர்ப் பெயர் அடிக்கடி முன்வரிசைக்கு வந்துவிடும். மழை எந்த மாதம் வலுக்கும், எந்தத் திருப்பத்தில் மண் சரியும், யானை எந்தப் பக்கமாக இறங்கும் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆபத்து தெரிந்திருந்தும் அதற்கு முன்கூட்டிப் பாதுகாப்புத் தேடிக்கொள்ளாததே எங்கள் குறை. மாவட்டப் பேரிடர் மேலாண்மை, சாலைப் பாதுகாப்பு, வங்கியாளர் ஆலோசனைக் குழு ஆகிய மூன்றுக்கும் தலைமை வகிப்பவர் தாங்கள் என்பதால் இந்த மடல் தங்களுக்கு வருகிறது.

முதலில் இருபது ரூபாய்க் கணக்கு. பிரதமரின் சுரக்ஷா பீமா திட்டத்தில் 18 முதல் 70 வயது வரை உள்ளவர்கள் ஆண்டுக்கு 20 ரூபாய் கட்டினால், விபத்தில் உயிரிழந்தவரின் குடும்பத்துக்கு 2 லட்சம் ரூபாய் கிடைக்கும். இதன் ஆண்டு ஜூன் 1-இல் தொடங்கி மே 31-இல் முடிகிறது. மே மாதக் கடைசியில் வங்கி தானாகப் பணம் எடுக்கும்போது கணக்கில் இருப்பு இல்லையென்றால் காப்பீடு நின்றுவிடும். எங்களுக்கோ மழையும் அதே ஜூன் மாதத்தில்தான் தொடங்குகிறது. மண்சரிவும் மரம் விழுவதும் மின்கம்பி அறுவதும் தொடங்கும் நேரத்தில் தோட்டத் தொழிலாளியின் காப்பீடு இருபது ரூபாய் இல்லாமல் காலாவதியாகிக் கிடந்தால் என்ன பயன்? மே மாதம் முழுவதும் தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, நாடுகாணி எங்கும் பாஸ்புக் முகாம் நடத்த முன்னோடி வங்கிக்குத் தாங்கள் உத்தரவிட வேண்டும். இருப்பு இருக்கிறதா, கணக்கு செயல்பாட்டில் இருக்கிறதா, வாரிசுப் பெயர் பதிவாகியிருக்கிறதா என்ற மூன்றையும் பார்த்தால் போதும்.

இன்னொன்று. யானை தாக்கி ஒருவர் இறந்தால் அரசின் நிவாரணம் குடும்பத்துக்குப் போகிறது. இறந்தவர் விபத்துக் காப்பீட்டில் இருந்தாரா என்று கேட்பார் இல்லை. நிவாரணம் வேறு, காப்பீடு வேறு. ஒன்று வந்ததால் மற்றொன்று மறுக்கப்படாது. ஆனால் முதல் தகவல் அறிக்கையும் பிரேதப் பரிசோதனை அறிக்கையும் சேர்த்துக் காலத்தோடு விண்ணப்பிக்க வேண்டும். துக்க வீட்டில் யார் இதை நினைப்பார்கள்? நிவாரணம் கொண்டுபோகும் அலுவலரே இறந்தவரின் பாஸ்புக்கையும் வாங்கிப் பார்க்க வேண்டும் என்று ஒரு சுற்றறிக்கை போடுங்கள். செலவில்லாத வேலை இது.

அடுத்து வீடு. ‘பாரத் கிருஹ ரக்ஷா’ என்ற வீட்டுக் காப்பீட்டை 2021 ஏப்ரல் முதல் பொதுக் காப்பீட்டு நிறுவனங்கள் ஒரே விதிகளுடன் விற்கின்றன. தீ, இடி, புயல், வெள்ளம், நிலச்சரிவு, பாறைச்சரிவு, காட்டுத்தீ, மரம் விழுதல் எல்லாம் அதில் அடக்கம். எங்கள் மலைக்கென்றே எழுதியது போல் இருக்கிறது. ஆனாலும் இங்கே அது வீடுகளுக்குள் வரவில்லை. சொந்த வீட்டுக்காரர்களில் பலருக்குப் பட்டா இல்லை. 1969-ஆம் ஆண்டின் ஜன்ம எஸ்டேட் ஒழிப்புச் சட்டத்தின் 17-ஆம் பிரிவு நிலச் சிக்கல் இன்னும் தீரவில்லை. அரசின் டேன்டீ தேயிலைத் தோட்ட லைன் வீடுகளிலும் தனியார் தோட்ட லைன் வீடுகளிலும் இருப்பவர்களுக்கோ கட்டடமே சொந்தமில்லை. அவர்கள் டிவி, பீரோ, தையல் மிஷின், பாத்திரம் பண்டம் ஆகியவற்றுக்கு மட்டும் தனியாகக் காப்பீடு எடுக்கலாம் என்று எந்த முகவரும் சொல்வதில்லை.

அந்தப் பாலிசியில் வாகனம், மரம், சுவர் போன்ற வெளிப்பொருள் மோதினால் இழப்பீடு உண்டு என்று எழுதியிருக்கிறது. அரிசி வாசம் பிடித்து வந்து சுவரை முட்டிச் சாய்க்கும் யானை அதில் சேருமா? பெயர் சொல்லி எழுதாததால் வாதத்துக்கு இடம் இருக்கிறது. கூடலூர், பந்தலூர் வட்டங்களுக்கு யானைச் சேதமும் அடங்கும் என்று நிறுவனங்களிடம் எழுத்துப்பூர்வமான விளக்கம் கேட்டு வாங்கித் தாருங்கள்.

வாகனங்களுக்கு வருகிறேன். மூன்றாம் நபர் காப்பீடு மட்டும் வைத்திருப்பவரின் ஜீப் மீது மரம் விழுந்தால் ஒரு பைசா வராது. முழுக் காப்பீடு இருந்தால்தான் வரும். சொந்த உபயோகத்துக்குப் பதிவான வண்டியில் கூலிக்கு ஆள் ஏற்றினால் அந்த முழுக் காப்பீடும் கைகொடுக்காது. வெள்ளத்தில் நின்றுபோன வண்டியை அங்கேயே மீண்டும் ஸ்டார்ட் செய்து இன்ஜின் பழுதானால் நிறுவனம் கையை விரித்துவிடும். இந்த மூன்றையும் ஜீப் ஸ்டாண்டிலும் ஆட்டோ ஸ்டாண்டிலும் பெரிய எழுத்தில் எழுதி வையுங்கள். கூடவே, இறங்கும் வண்டி ஏறும் வண்டிக்கு வழிவிட வேண்டும், ஏறிய கியரிலேயே இறங்க வேண்டும், மூடுபனியில் ஹைபீம் போடக் கூடாது, யானை நின்றால் ஹாரனும் ஃப்ளாஷும் கூடாது என்பதையும் சேருங்கள். நாடுகாணி வழியாக வரும் வெளியூர்க்காரர்களுக்கு அது மலையாளத்திலும் கன்னடத்திலும் வேண்டும். வால்பாறையில் யானை நடமாட்டத்தை அறிவிக்கச் சிவப்பு விளக்கும் குறுஞ்செய்தியும் பல ஆண்டுகளாகப் பயன்படுகின்றன. அந்த முறை இங்கும் வரட்டும்.

விபத்தில் அடிபட்டவரைக் கொண்டு ஓடும்போது எங்களில் பலர் சுல்தான் பத்தேரிக்கோ கோழிக்கோட்டுக்கோதான் போகிறோம். தமிழக அரசின் ‘நம்மைக் காக்கும் 48’ திட்டத்தில் முதல் 48 மணி நேரச் சிகிச்சை இலவசம். 2025 மே மாதம் மத்திய அரசு அறிவித்த திட்டத்தில் ஏழு நாள்களுக்கு ஒன்றரை லட்சம் வரை பணம் கட்டாத சிகிச்சை உண்டு. எல்லைக்கு அப்பால் எந்த மருத்துவமனை எந்தத் திட்டத்தில் இருக்கிறது என்ற பட்டியலை ஒவ்வொரு ஆம்புலன்சிலும் காவல் நிலையத்திலும் ஒட்டுங்கள்.

சமையலறையிலும் ஒரு காப்பீடு இருக்கிறது. பதிவு பெற்ற எரிவாயு இணைப்பு வைத்திருப்பவர் பிரீமியம் கட்டாமலே எண்ணெய் நிறுவனங்களின் விபத்துக் காப்பீட்டில் இருக்கிறார். உயிரிழப்புக்கு 6 லட்சம் ரூபாய் வரை கிடைக்கும். விபத்து நடந்தால் ஏஜென்சிக்கு உடனே எழுதிக் கொடுக்க வேண்டும். ஐஎஸ்ஐ முத்திரை உள்ள ரப்பர் குழாயை ஐந்தாண்டுக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். சிலிண்டர் கொண்டுவருபவர் வாயாலேயே இதைச் சொல்லவைக்கலாம்.

கடைசியாக ஒரு பெரிய கோரிக்கை. நாகாலாந்து அரசு, மழை ஒரு குறிப்பிட்ட அளவைத் தாண்டினால் பணம் வந்துசேரும் வகையில் மாநிலம் முழுமைக்கும் காப்பீடு எடுத்திருக்கிறது. அதில் பதிவாகும் மழை அளவே ஆதாரம்; வீடு வீடாகச் சேத மதிப்பீடும் பட்டாவும் தேவையில்லை. தேவாலா, பந்தலூர், சேரம்பாடி, கூடலூரில் மழைமானிகள் ஏற்கெனவே இருக்கின்றன. தேவையும் கண்முன் இருக்கிறது. 2019 ஆகஸ்ட் 8-ஆம் தேதி இதே மாவட்டத்தின் அவலாஞ்சியில் ஒரே நாளில் 82 சென்டிமீட்டர் கொட்டியது. அதே நாளில் வயநாட்டின் புத்துமலை சரிந்தது. 2024 ஜூலை 30-இல் அதே வயநாட்டில் முண்டக்கையும் சூரல்மலையும் மண்ணுக்குள் போனபோது உடல்கள் சாலியாற்றில் நிலம்பூர் வரை மிதந்து வந்தன. அதன்பின் காப்பீட்டு நிறுவனங்கள் ஆவணங்களைத் தளர்த்தி விரைவாகப் பணம் தர வேண்டும் என்று மத்திய நிதி அமைச்சகம் சொன்னது. நல்ல உத்தரவுதான். ஆனால் காப்பீடே இல்லாத வீட்டுக்கு எந்த உத்தரவும் பணம் கொண்டுவராது. மழை அளவை வைத்துப் பணம் தரும் அந்தக் காப்பீட்டை நீலகிரியில் முதலில் செய்து பார்க்கலாம் என்று மாநில அரசுக்குத் தாங்கள் எழுதுங்கள்.

காப்பீடு மலையைத் தாங்கிப் பிடிக்காது என்பது எங்களுக்குத் தெரியும். மழைநீர் ஓடும் ஓடையை மறித்துக் கட்டுவதையும் சரிவை வெட்டி மண் எடுப்பதையும் தடுக்கும் பொறுப்பு அரசுக்கும் எங்களுக்கும் சேர்ந்தே இருக்கிறது. அந்தப் பொறுப்பில் எங்கள் பங்கை நாங்கள் செய்கிறோம். வங்கிக்கும் நிறுவனங்களுக்கும் சொல்லும் அதிகாரமோ தங்களிடம்தான் இருக்கிறது. அடுத்த மே மாதம் பிறப்பதற்குள் அதைப் பயன்படுத்துங்கள் என்று வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
தேவாலா வாசி ஒருவர்