விளக்கெண்ணெய்க் கணக்கு

வணிகர்களிடம் பக்தியைப் பற்றிப் பேச்செடுத்தால் உடனே பட்டினத்தாரைச் சொல்வார்கள். காவிரிப்பூம்பட்டினத்தில் கடல் வாணிபம் செய்த பெருஞ்செல்வர், வளர்ப்பு மகன் விட்டுச் சென்ற காதற்ற ஊசியைக் கண்டு அனைத்தையும் உதறிக் கோவணத்துடன் புறப்பட்ட கதை நாம் அறிந்ததே. அவருடைய சமாதி நமக்குப் பக்கத்தில், திருவொற்றியூர்க் கடற்கரையோரம் இருக்கிறது. கதையைச் சொல்லிவிட்டு, "அதெல்லாம் மகான்களுக்கு, நமக்குக் கடை இருக்கிறது, கடன் இருக்கிறது, கல்யாணத்துக்குப் பெண் இருக்கிறது" என்று முடித்துக்கொள்வார்கள். பட்டினத்தாரைப் புகழ்வதே பக்தியைத் தள்ளிப்போட நல்ல சாக்காகிவிட்டது.

அதே திருவொற்றியூரில் கடையை விட்டு ஓடாத ஒரு வணிகரும் வாழ்ந்தார். அறுபத்துமூவரில் ஒருவரான கலிய நாயனார். செக்காட்டி எண்ணெய் விற்கும் குலத்தவர். நல்ல வசதியில் இருந்தபோது கோயிலுக்குள்ளும் வெளியிலும் இரவு பகலாக விளக்கேற்றினார். பொருள் கரைந்தது. பிறர் எண்ணெயை வாங்கி விற்று, அந்தக் கூலியில் ஏற்றினார். அதுவும் நின்றதும் பிறர் செக்கில் கூலியாளாக உழைத்தார். வீட்டையும் விற்றார். முடிவில் எண்ணெய்க்குப் பதில் தம் இரத்தத்தையே ஊற்றத் துணிந்தபோது இறைவன் கையைப் பிடித்துத் தடுத்தார் என்கிறது பெரியபுராணம். நடுவே மனைவியையும் விற்க முனைந்தார் என்று வருகிறது. அந்த இடம் நமக்கு ஒப்பவில்லை, மறைப்பானேன்?

நமக்கு வேண்டியது அவருடைய கணக்குமுறை. லாபத்தில் மிஞ்சியதை அவர் கோயிலுக்குக் கொடுக்கவில்லை. விளக்கு முதல் செலவு. வீடு அதற்குப் பிறகு. நம் முன்னோர் வைத்திருந்த மகமையும் இதே வழிதான். மூட்டைக்கு இவ்வளவு என்று விற்பனையிலேயே தருமத்துக்குத் தனியாக எடுத்து வைத்தார்கள். லாபமா நட்டமா என்று பார்த்து எடுக்கவில்லை. எடுத்து வைத்த காசைத் தம் பணம் என்று நினைக்கவும் இல்லை. பற்று விடுவது என்பதைத் தினந்தோறும் கல்லாவிலேயே பழகினார்கள்.

இன்று நாம் ஆண்டுக்கொரு முறை கொடுக்கிறோம். வெளிச்சம் வெளியே வராத அளவுக்கு டியூப்லைட்டில் "உபயம்" எழுதிக்கொடுக்கிறோம்! அறுபதைத் தாண்டியும் கல்லாச் சாவியை மகனிடம் தர மனம் வருவதில்லை. பிரதோஷத்தன்று மாலையில்தான் லோடு இறங்க வேண்டுமா? காலையில் இறக்கினால் மூட்டை கோபித்துக்கொள்ளாது.

மீஞ்சூரை வடகாஞ்சி என்பார்கள். ஏகாம்பரநாதரும் வரதராஜரும் இங்கும் எழுந்தருளியிருக்கிறார்கள். இரண்டு கோயில்களின் விளக்கெண்ணெய்க்கும் சங்கத்தின் வழியே மகமை எடுக்கலாம் என்பது நம் யோசனை. கடைக்கொரு உண்டியல், காலையில் முதல் விற்பனையிலிருந்து அவரவர் சக்திக்கேற்ற தொகை, மாதம் ஒருமுறை இருவர் முன்னிலையில் எண்ணி, மொத்தத் தொகையை மட்டும் பலகையில் எழுதுவது. கொடுத்தவர் பெயர் எங்கும் வேண்டாம். உறுப்பினர்கள் தம் கருத்தை அடுத்த கூட்டத்திற்குள் செயலாளரிடம் தெரிவிக்கலாம்.